கிண்ணத்து மருந்து: நுண்மணியா, பருமணியா?

பழங்குழல்:
சக்கிமுக்கிக் கல்லின் பொறியால் வெடிக்கும் பழைய துப்பாக்கியில், குழலுக்கு வெளியே பக்கவாட்டில் உள்ள சிறு கிண்ணத்து மருந்து முதலில் பற்றி, குழலுக்குள் இருக்கும் மருந்துக்கு நெருப்பைக் கடத்துகிறது. அந்தக் கிண்ணத்துக்கென்று தனியாக நுண்மணிக் கருமருந்து வேண்டும் என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. 1722 முதல் நூறாண்டுக்கும் மேலாகப் பிரிட்டிஷ் காலாட்படை தூக்கிச் சுமந்த பிரௌன் பெஸ் என்ற சக்கிமுக்கித் துப்பாக்கியைப் பாருங்கள். சிப்பாய் காகிதத் தோட்டாவைப் பல்லால் கிழிப்பான். கிண்ணத்தில் ஒரு சிட்டிகை தட்டி மூடுவான். மீதியைக் குழலில் கொட்டிக் கெட்டிப்பான். இரண்டும் ஒரே மருந்துதான். போர்க்களத்துக்கே அது போதுமென்றால் நமக்கு ஏன் போதாது?

மணிச்சல்லடை:
அந்தச் சிப்பாய் வரிசையில் நின்று எதிர்வரிசையை நோக்கிச் சுட்டவன். குதிரை (கல்லைப் பிடித்திருக்கும் சுத்தியல்) விழுந்து, குழல் வெடிப்பதற்குள் குறி இம்மி நகர்ந்தாலும் அவனுக்குக் கவலையில்லை. சிறு இலக்கைக் குறிபார்ப்பவருக்கு அந்த இடைவெளிதான் எல்லாம். கணக்கும் எளிது. மணியின் விட்டம் பாதியானால், அதே எடை மருந்துக்குப் பரப்பு இரட்டிப்பாகிறது. மணியின் நுண்மையை எஃப் எண்ணிக்கையால் குறிப்பார்கள்; எஃப் கூடக்கூட மணி சிறுக்கும். இரண்டு எஃப் மணி ஏறத்தாழ 0.6 முதல் 1.2 மில்லிமீட்டர். நான்கு எஃப் மணியோ 0.15 முதல் 0.42 வரைதான். கிண்ணத்தில் விழும் பொறி என்பது எஃகிலிருந்து கல் சீவியெடுத்த, எரியும் இரும்புத் துணுக்கு. அதனிடம் உள்ள வெப்பம் கொஞ்சம். பெரிய மணியைவிடச் சிறிய மணியை அது விரைவில் சூடேற்றிவிடும்.

பழங்குழல்:
அப்படியானால் மாவாக அரைத்த மருந்து எல்லாவற்றையும் முந்த வேண்டுமே! மணியாக்கும் முறை வருவதற்கு முன் மாவு மருந்துதான் இருந்தது. அது சோம்பி எரிந்ததால்தானே மணியாக்கினார்கள்? துகள்கள் நெருங்கி அடைந்துவிட்டால் நெருப்பு நுழைய வழியில்லை. உங்கள் பரப்புக் கணக்கு அங்கே உடைகிறது.

மணிச்சல்லடை:
மாவைப் பற்றி நீங்கள் சொல்வது சரி, மறுக்கவில்லை. ஆனால் நான்கு எஃப் மாவு அல்ல. விரலில் தேய்த்தால் மணி தெரியும், இடையே காற்றும் இருக்கும். கிண்ணத்தில் அது அடைபட்ட குவியலும் அல்ல. மெல்லப் பரவிய ஒரு படுகை, மேலே திறந்த வெளி. சுடர் மேற்பரப்பிலேயே ஓடிவிடும். அதை அழுத்தி அடைத்தால் மட்டுமே நீங்கள் சொல்லும் குறை வரும்.

பழங்குழல்:
கைப்பேசியில் நொடிக்கு 240 சட்டங்கள் வீதம் இரண்டையும் படமெடுத்தேன். வித்தியாசம் எதுவும் கண்ணில் படவில்லை.

மணிச்சல்லடை:
ஒரு சட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே நான்கு மில்லிநொடிக்கு மேல் போய்விடுகிறது. நாம் பேசும் வேறுபாடும் அந்த அளவிலேயே இருந்தால், அது உங்கள் அளவுகோலுக்குள் ஒளிந்துகொள்ளும். இன்னொன்று, கல்லின் முனை ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் தேய்கிறது. அதனால் பொறி வந்து விழும் நேரமே மாறும். வகைக்கு இரண்டு மூன்று வெடி சுட்டுப் பார்த்து எதையும் முடிவுகட்ட முடியாது.

துளைக்காரன்:
இருவரும் கிண்ணத்தையே பார்க்கிறீர்கள். கிண்ணத்திலிருந்து குழலுக்குள் நெருப்பு போகும் தீத்துளையை ஏன் விட்டுவிட்டீர்கள்? அந்தத் துளைக்குள் மருந்து நிரம்பி அடைந்திருந்தால் நெருப்பு மணிக்கு மணி தாண்டித் தாண்டித்தான் போக வேண்டும். அது திரி எரிவது போல. அப்போதுதான் ‘புஸ்’ஸென்று இழுத்து, பிறகு ‘டம்’ கேட்கிறது. துளை காலியாக இருந்தால் கிண்ணத்துச் சுடர் நேரே உள்ளே பாய்கிறது. இரண்டு சத்தமும் ஒன்றாகிவிடும். நான் கெட்டித்து முடித்ததும் மெல்லிய கம்பியைத் துளைக்குள் விட்டு எடுத்துவிட்டுத்தான் கிண்ணத்தை நிரப்புவேன். மணியின் அளவை மாற்றியதைவிட இந்தப் பழக்கம்தான் என் காதுக்கு அதிகம் தெரிந்தது.

மணிச்சல்லடை:
துளையைப் பற்றி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் துளை சுத்தமான பிறகு மிஞ்சுவது மணிதானே? அதை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

பழங்குழல்:
ஈரத்துக்காக. மப்பும் மந்தாரமுமான ஒரு காலையில் கிண்ணத்தில் நான்கு எஃப் போட்டு மூடி வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தால், ஓரமெல்லாம் சாம்பல் நிறச் சேறு! குதிரை விழுந்தது, பொறியும் பறந்தது, மருந்து பற்றவில்லை. பரப்பு அதிகமானால் நெருப்பும் எளிதில் பிடிக்கும், ஈரமும் எளிதில் பிடிக்கும். உங்கள் கணக்கு இரண்டு பக்கமும் வெட்டுகிறது.

மணிச்சல்லடை:
அதற்கு முன்பு எத்தனை முறை சுட்டிருந்தீர்கள்? கிண்ணத்தைத் துடைத்தீர்களா? எரிந்த கருமருந்தின் கசட்டில் பொட்டாசியம் கார்பனேட் இருக்கிறது. காற்றின் ஈரத்தை அதுதான் இழுத்துக் கசியும். நீங்கள் கண்ட சேறு பழைய கசட்டின் வேலையாக இருக்கலாம். ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் கிண்ணத்தையும் எஃகு மூடியின் அடிப்பக்கத்தையும் உலர்ந்த துணியால் துடையுங்கள்.

பழங்குழல்:
ஐந்தாறு முறை சுட்டிருந்தேன், துடைக்கவில்லை. அதை மறைக்கப் போவதில்லை. அடுத்த ஈரநாளில் துடைத்த கிண்ணத்தில், புதுக் கல் மாட்டி, இரண்டு மருந்தையும் மாற்றி மாற்றிச் சுடுகிறேன். அதுவரை என் மருந்துக் கொம்பில் மூன்று எஃப்தான். கிண்ணத்துக்கும் அதுவே, குழலுக்கும் அதுவே. கைநடுக்கத்தில் நான்கு எஃபை அளந்து குழலில் கொட்டிவிட்டால் அழுத்தம் எகிறிவிடும் என்ற பயமும் எனக்கு உண்டு. அதற்கு உங்கள் மில்லிநொடிகளில் பதில் இல்லை.

மணிச்சல்லடை:
அந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் நான்கு எஃபை அளவைக் குவளைக்கு அருகிலேயே கொண்டுபோவதில்லை. சின்னக் குப்பியில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். சுட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.