ஈப்போ வரை காரில் போகிறோம், பின்சீட்டை எப்படிச் சமாளிப்பது?

பொங்கோல்காரன்:

ஜூன் பள்ளி விடுமுறையில் மலேசியாவில் ஈப்போவில் மனைவி பக்கத்தில் ஒரு கல்யாணம். விமான டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு காரிலேயே போய்விடலாம் என்று முடிவாகிவிட்டது. இங்கே சிங்கப்பூரிலிருந்து சுமார் 550 கிலோமீட்டர், அது போக உட்லண்ட்ஸ் எல்லைச் சாவடியில் எவ்வளவு நேரம் நிற்போம் என்பது அந்த முருகனுக்கே வெளிச்சம். முன்னால் நானும் மனைவியும். பின்னால் மூத்தவள் (தொடக்கநிலை 4), சின்னவன் (5 வயது), இரண்டு பேருக்கும் நடுவில் என் அம்மா. அம்மாவுக்கு 74.

பிரச்சினை இதுதான். சின்னவனுக்கு கார்ட்டூன் வேண்டும், அதுவும் ஒரே எபிசோடைத் திரும்பத் திரும்ப. மூத்தவளுக்கு டேப்லெட்டில் கொஞ்ச நேரம் பார்த்தாலே வாந்தி வருகிற மாதிரி இருக்குமாம். அம்மாவுக்கு பழைய பாட்டு, இல்லாவிட்டால் கந்தர் சஷ்டி கவசம். ஹெட்போன் போடுங்கம்மா என்றால் காதுக்குள் எதையும் செருக மாட்டேன் என்கிறார். மலாக்கா போனபோது மூன்று சத்தமும் ஒன்றாகக் கேட்டு எனக்குத் தலைவலி வந்ததுதான் மிச்சம்.

கடையில் கேட்டால் கூரையிலிருந்து மடித்து இறக்குகிற பெரிய திரையை மாட்டச் சொல்கிறார்கள். இரண்டு டேப்லெட்டை சீட்டுக்குப் பின்னால் தொங்கவிட்டால் போதாதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். மலேசியாவுக்குள் போக வண்டிக்கு வேண்டிய விஇபி அனுமதி, டோலுக்கு டச் அண்ட் கோ அட்டை, எல்லை தாண்ட முக்கால் டேங்க் பெட்ரோல் எல்லாம் தெரியும், அந்தப் பாடம் வேண்டாம்.

ஜூரோங் அக்கா:

தம்பி, டேப்லெட் அப்புறம். முதலில் உட்காருகிற இடத்தை மாற்றுங்கள். அம்மாவை ஏன் நடுவில் போட்டிருக்கிறீர்கள்? காலை நீட்டவும் முடியாது, பாத்ரூமுக்கு அவசரமாக இறங்கவும் முடியாது. அவரை ஜன்னல் பக்கம் வையுங்கள், மூத்தவளை நடுவில் உட்கார வையுங்கள். நடுவில் இருந்தால் இரண்டு முன்சீட்டுக்கும் இடையில் முன்கண்ணாடி வழியாக ரோடு தெரியும், அவளுடைய குமட்டலுக்குப் பாதி மருந்து அதுதான்.

ஏன் குமட்டுகிறது என்றால், காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு "வண்டி ஓடுகிறது, திரும்புகிறது" என்று சொல்கிறது, மடியில் இருக்கிற திரையையே பார்க்கிற கண்ணோ "எல்லாம் அசையாமல் இருக்கிறது" என்று சொல்கிறது, இந்த இரண்டும் ஒத்துப்போகாமல்தான் வயிறு புரட்டுகிறது. கைக்குழந்தைகளுக்கு அவ்வளவாக வராது, 2 வயதிலிருந்து 12 வரைதான் அதிகம், அப்புறம் பெரும்பாலும் குறைந்துவிடும். என் நடுப்பிள்ளைக்கும் இதே கதைதான். அவனுக்கு நான் வைத்திருக்கும் சட்டம், வண்டி ஓடும்போது காதுக்கு மட்டும் வேலை, கண்ணுக்கு வெளியே. ஒலிக்கதைகள், பாட்டு, எது வேண்டுமானாலும் கேட்கலாம். வண்டி நிற்கும்போது திரை பார்க்கலாம். ஜொகூருக்குப் போகிற காஸ்வே பாலத்தில் ஒரே இடத்தில் அரை மணி நேரம் நிற்கிறோம் பாருங்கள், டேப்லெட்டுக்கு நேரமே அதுதான். நிறையப் பேர் வீட்டு வாசலிலேயே படத்தைப் போட்டுவிட்டு, உட்லண்ட்ஸ் வரும்போது பிள்ளைகளுக்கு எல்லாம் சலித்துப்போய், அங்கே மாட்டிக்கொண்டு முழிக்கிறார்கள்.

ஏசி காற்று அவள் முகத்தில் படட்டும். இஞ்சி மிட்டாய், ஒரு எலுமிச்சம்பழம், நாலைந்து ஜிப் பை கையெட்டும் இடத்தில் இருக்கட்டும், கார் டிக்கியில் வைத்துவிட்டு அப்புறம் தேடாதீர்கள். புறப்படும் முன் கொழுப்பான சாப்பாடு வேண்டாம், காலி வயிறும் வேண்டாம்.

சின்னவன் 1.35 மீட்டருக்குக் கீழேதான் இருப்பான், அவனுக்கு சைல்ட் சீட் இங்கே சட்டப்படி கட்டாயம். பாட்டி மடியில் படுத்துக்கொள்கிறேன் என்று என்ன அழுகை அழுதாலும் இளகிவிடாதீர்கள்.

வயர்மேன்:

கூரைத் திரை வேண்டாம் அண்ணே. இறக்கிவிட்டால் பின்பார்வைக் கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டிக்குப் பதிலாகத் திரையின் முதுகுதான் தெரியும். காசும் அதிகம், அதோடு மூன்று பேருக்கும் ஒரே படம் என்றால் சண்டை தீராது, பெரிதாகும்.

ஒரு டேப்லெட் போதும், சின்னவனுக்கு மட்டும். ஹெட்ரெஸ்ட்டின் இரண்டு கம்பியிலும் இறுக்கிப் பிடிக்கிற வகை ஹோல்டர் வாங்குங்கள், துணிப் பட்டையால் கட்டுவது தொங்கி ஆடும். மாட்டியபின் கையால் நன்றாக இழுத்துப் பாருங்கள், ஏனென்றால் நெடுஞ்சாலையில் 110இல் போகும்போது திடீரென்று பிரேக் அடித்தால் மடியில் கிடக்கிற அரைக்கிலோ டேப்லெட் யார் மூக்கை உடைக்கும் என்று சொல்ல முடியாது. கண் மட்டத்தில் இருந்தால் குனிய வேண்டியதில்லை, குமட்டலும் சற்றுக் குறையும்.

சார்ஜ் விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பழைய கார்களில் ரேடியோ பக்கத்தில் இருக்கிற யூஎஸ்பி துளை பெரும்பாலும் பாட்டு கேட்க வைத்தது, அரை ஆம்பியர்தான் தரும், அதாவது 2.5 வாட். டேப்லெட்டுக்குக் குறைந்தது 10 வாட் வேண்டும். செருகியிருக்கிறது, மின்னல் குறியும் தெரிகிறது, ஆனால் சார்ஜ் குறைந்துகொண்டே போகும். சிகரெட் லைட்டர் துளையில் செருகுகிற 12 வோல்ட் சார்ஜர் வாங்கி, 30 வாட் டைப் சி இருக்கிறதா என்று பார்த்து, இரண்டு மீட்டர் வயரை சீட்டுக்கு அடியில் விட்டு பின்னால் கொண்டுபோங்கள்.

படங்களை வீட்டு வைஃபையில் இறக்கிவையுங்கள். இறக்கியதோடு விடாமல் புறப்படும் முந்தைய நாள் ஏரோபிளேன் மோடில் போட்டு ஓடுகிறதா என்று பாருங்கள், சில செயலிகளில் இறக்கியது சில நாளில் காலாவதியாகிவிடும். மூத்தவளிடம் ஐபேடோ ஐபோனோ இருந்தால் ஐஓஎஸ் 18இலிருந்து வாகன அசைவுக் குறிகள் என்று ஒன்று வந்திருக்கிறது, வண்டி திரும்புகிற பக்கத்துக்கு ஏற்ப திரை ஓரத்தில் புள்ளிகள் நகரும். சிலருக்குப் பலன் தருகிறது, சிலருக்கு இல்லை.

ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்தால் உங்கள் தலைவலிக்குக் காரணம் படம் இல்லை, சத்தம். கார் ஸ்பீக்கர் யாருக்கு என்று முதலில் முடிவு பண்ணுங்கள். ஹெட்போன் போட மாட்டேன் என்பது அம்மா மட்டும்தான், அப்படியானால் ஸ்பீக்கர் அம்மாவுக்கு. பிள்ளைகளுக்கு ஹெட்போன், சத்தம் 85 டெசிபலுக்கு மேல் போகாதபடி கட்டுப்படுத்திய சிறுவர் ஹெட்போன். ரேடியோ அமைப்பில் ஃபேடர் என்று இருக்கும், அதைப் பின்பக்கம் தள்ளிவிட்டால் கவசம் பின்னால் கணீரென்று கேட்கும், முன்னால் நீங்கள் வழிகாட்டியை நிம்மதியாகக் கேட்கலாம். நம்ம ஊர் வானொலி ஒலி 96.8 ஜொகூர் தாண்டி உள்ளே போகப்போக கரகரக்கும், அப்புறம் மலேசியத் தமிழ் வானொலி மின்னல் எஃப்எம் பிடியுங்கள், பகுதிக்குப் பகுதி அலைவரிசை மாறும்.

பழைய கோச்சு டிரைவர்:

நான் இந்த ரூட்டில் பல வருடம் டூரிஸ்ட் கோச்சு ஓட்டியவன், பிள்ளைகளைச் சும்மா இருக்கவைக்க ஜன்னலைவிட நல்ல சாமான் கிடையாது, அதில் என்ன பார்க்கவேண்டும் என்று சொல்லிக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

நம்ம ஊர் நம்பர் பிளேட்டில் கடைசி எழுத்து சும்மா போட்டதில்லை, கணக்குப் போட்டு வருவது. தொடக்கநிலை 4 பிள்ளைக்கு நல்ல வேலை. எஸ்பிஏ 1234 ஜி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் எஸ்ஸை விட்டுவிடுங்கள். அடுத்தது ஆங்கில வரிசையில் இரண்டாவது எழுத்து, அதற்கு 2. ஏவுக்கு 1. இந்த 2, 1, 1, 2, 3, 4 ஆறையும் வரிசையாக 9, 4, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 18+4+5+8+9+8, மொத்தம் 52. அதை 19ஆல் வகுத்தால் மீதி 14. மீதி 14 என்றால் ஜி. மீதி 0 என்றால் ஏ, 1 இஸட், 2 ஒய், 3 எக்ஸ் என்று 19 எழுத்துக்கும் பட்டியல் இணையத்தில் கிடைக்கும், ஒரு தாளில் எழுதி அவள் கையில் கொடுங்கள். எஃப், ஐ, என், ஓ, க்யூ, வி, டபிள்யூ இந்த ஏழும் கடைசி எழுத்தாக வரவே வராது. "எஃப்பில் முடிகிற சிங்கப்பூர் காரைக் கண்டுபிடித்தால் பத்து வெள்ளி" என்று பந்தயம் கட்டுங்கள், உங்கள் பத்து வெள்ளி பத்திரமாக இருக்கும்.

காஸ்வே தாண்டினால் ஆட்டம் மாறும். மலேசிய வண்டியில் முதல் எழுத்தே மாநிலம். ஜே ஜொகூர், எம் மலாக்கா, என் நெகிரி செம்பிலான், ஏ பேராக், கே கெடா, டபிள்யூவும் வியும் கோலாலம்பூர். ஜேவுக்கு மார்க் கிடையாது, எங்கே பார்த்தாலும் அதுதான். ஆர் பெர்லிஸ், அதற்கு ஐந்து. க்யூ சரவாக், கடல் தாண்டி வந்த வண்டி, அதற்குப் பத்து. சின்னவனுக்கு எழுத்து அடையாளம் தெரிந்தால் அவனும் சேர்ந்துகொள்வான். தூரத்தில் வருகிற பிளேட்டைத்தானே பார்க்கவேண்டும், வாந்தியும் வராது.

வண்டியை நிறுத்துகிற இடத்தையும் யோசித்து வையுங்கள். ஆயர் குரோவில் சாலைக்கு மேலேயே பாலம் மாதிரி உணவகம் இருக்கிறது, கோலாலம்பூர் தாண்டினால் சுங்கை பூலோவிலும் உண்டு. கீழே லாரியும் பஸ்ஸும் ஓட, மேலே உட்கார்ந்து சாப்பிடலாம். அங்கே அரை மணி நேரம் ஓடி விளையாடவிட்டால் அடுத்த ஒரு மணி நேரம் தூங்கிவிடுவார்கள்.

உங்கள் அம்மா வயதுக்காரர்கள் தஞ்சோங் பகாரில் ரயில் ஏறி மலேசியா போனவர்கள். அந்த ஸ்டேஷன் 2011 ஜூன் 30 வரை ஓடியது. "பாட்டி, அப்போ ரயிலில் எப்படிப் போவீங்க, என்ன சாப்பிடுவீங்க" என்று மூத்தவளைக் கேட்கச் சொல்லுங்கள். கவசம் தானாக நின்றுவிடும்.

ஜூரோங் அக்கா:

கோச்சு அண்ணே சொல்வது எல்லாம் சரி, ஆனால் ராத்திரி ஆகிவிட்டால் நம்பர் பிளேட்டும் தெரியாது, ஜன்னலும் கறுப்பு. இருட்டிய பிறகு கதைதான். இன்னொன்று, சிங்கப்பூர் குடிநுழைவுக்கான மைஐசிஏ செயலியின் கியூஆர் குறியீடு இருக்கிற ஃபோனைத் தயவுசெய்து பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். 2024 மார்ச்சிலிருந்து காரில் போகிறவர்கள் பாஸ்போர்ட்டுக்குப் பதில் அதைக் காட்டலாம், ஒரே குறியீட்டில் பத்துப் பேர் வரை சேர்க்கலாம், வசதிதான். சாவடியில் ஜன்னலை இறக்கும்போது அந்த ஃபோனில் 2 சதவிகிதம் பேட்டரியும், அதன்மேல் பிஸ்கட் தூளும் இருந்தால் பின்னால் நிற்கிற வண்டிக்காரர்கள் உங்களைச் சும்மா விடமாட்டார்கள். பாஸ்போர்ட் எப்படியும் கையில் இருக்கவேண்டும்.

பொங்கோல்காரன்:

எல்லாருக்கும் நன்றி. இடம் மாற்றுகிற யோசனை எனக்குத் தோன்றவே இல்லை, அம்மாவிடம் சொன்னேன், ஜன்னல் பக்கம் என்றதும் முகமே மலர்ந்துவிட்டது. கோச்சு அண்ணே, மூத்தவள் எங்கள் வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்தாள், சரியாக வந்தது. இப்போது கார்பார்க்கில் ஒவ்வொரு வண்டியாகச் சோதித்துக்கொண்டிருக்கிறாள், சாப்பிடக் கூப்பிட்டாலும் வரவில்லை.

வயர்மேன், ஒரு சந்தேகம். காஸ்வேயில் நிற்கும்போது இரண்டு பேரும் ஒரே டேப்லெட்டைப் பார்ப்பார்கள் என்றால் இரண்டு ஹெட்போனை எப்படி மாட்டுவது? புளூடூத்தா?

வயர்மேன்:

வயர் ஹெட்போனே வாங்குங்கள் அண்ணே. பல டேப்லெட்டில் புளூடூத்தில் ஒரு நேரத்தில் ஒரு ஹெட்போன்தான் ஒழுங்காகச் சேரும், ஐபேடில் சத்தத்தைப் பகிர்கிற வசதி இருந்தாலும் அது குறிப்பிட்ட சில ஹெட்போன்களுக்கு மட்டும். போதாக்குறைக்கு புளூடூத் என்றால் அதையும் சார்ஜ் போடவேண்டும். ஒய் வடிவத்தில் ஒரு துளையை இரண்டாக்குகிற சின்ன வயர் முஸ்தபாவிலும் சிம் லிம் ஸ்கொயரிலும் சில வெள்ளிக்குக் கிடைக்கும். புதிய ஐபேடுகளில் ஹெட்போன் துளையே இல்லை, அப்படியென்றால் டைப் சியிலிருந்து 3.5 மில்லிமீட்டருக்கு மாற்றுகிற துண்டும் வேண்டும். அதை மாட்டினால் சார்ஜ் துளை அடைபட்டுப்போகும் என்பதால் சார்ஜ் வயரையும் சேர்த்துச் செருகுகிற வகையாகக் கேட்டு வாங்குங்கள். வெயிலில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகும்போது டேப்லெட்டை ஹோல்டரிலிருந்து கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள்.