உதவி: இறங்கத் திரும்பும்போது விமானம் விழுகிறது. ஞாயிறன்று போட்டி, அவசரம்

புதுச்சிறகு · வியாழன், இரவு 10.40
வணக்கம். ரேடியோவால் இயக்கும் என் மாதிரி விமானம் விழுந்துகொண்டே இருக்கிறது. நன்றாக எழுகிறது, நான்கைந்து நிமிடம் சொன்னபடி கேட்கிறது. இறக்குவதற்காகத் திருப்பினால் கட்டுப்பாடு போய்விடுகிறது. இதுவரை மூன்று முறை. விழுந்த இடத்துக்கு ஓடிப்போய்ப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது! ஞாயிறன்று கிளப்பில் தரையிறக்கும் போட்டி, பெயரும் கொடுத்துவிட்டேன். கிளப்பில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

நாலாம்_சர்வோ · வியாழன், இரவு 10.52
இங்கேயும் ஆளுக்கொரு காரணம்தான் கிடைக்கும், மனத்தைத் தயார்செய்துகொள்ளுங்கள். என்ன விமானம்? மின்மோட்டாரா, எஞ்சினா? பேட்டரி எத்தனை செல்? சிறகு, வால் மடல்களை அசைக்கும் சர்வோ (சிறு மோட்டார்) எத்தனை? "கட்டுப்பாடு போய்விடுகிறது" என்றால் மோட்டார் மட்டும் நிற்கிறதா, சிறகும் வாலும் சேர்ந்து உறைந்துவிடுகின்றனவா? இந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டுமாவது பதில் சொல்லுங்கள்.

மூக்குக்கனம் · வியாழன், இரவு 10.58
ஈர்ப்பு மையம். வேறொன்றுமில்லை. சிறகின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையே இரண்டு விரலால் தாங்கிப் பாருங்கள். வால் தொங்கினால் அதுதான் நோய். வால் கனத்த விமானம் வேகத்தில் பறக்கும்வரை நல்ல பிள்ளையாக இருக்கும், வேகம் குறைந்ததும் குணத்தைக் காட்டும்.

பழைய_பால்சா · வியாழன், இரவு 11.15
தம்பி, இந்தக் கேள்வி இங்கே மாதம் ஒரு முறை வருகிறது. பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் வழக்கமே ஒழிந்துவிட்டது போலும். நாங்கள் 72 மெகாஹெர்ட்ஸில் பறந்த காலத்தில், நம் அலைவரிசைக்கான அடையாள வில்லையைப் பலகையிலிருந்து எடுத்துக்கொள்ளாமல் டிரான்ஸ்மிட்டரை (கையில் பிடித்து இயக்கும் பெட்டியை) தொடவே முடியாது. ஒருவர் மறந்து அதே அலைவரிசையில் பொத்தானைப் போட்டால் இன்னொருவரின் ஆறு மாத உழைப்பு மண்ணுக்குப் போகும். அதனால் எதையும் தொடுமுன் யோசிக்கப் பழகினோம். இப்போது பெட்டியைப் பிரித்த அன்றே பறக்கிறார்கள், மறுநாள் இங்கே வந்து அழுகிறார்கள். முதலில் உங்கள் பயிற்றுநரிடம் போங்கள்.

புதுச்சிறகு · வெள்ளி, காலை 6.20
ஃபோம் பயிற்சி விமானம், மேல்சிறகு, 1.4 மீட்டர். மின்மோட்டார். வழக்கமான பேட்டரிதான், முழுதாக ஏற்றியது. ஈர்ப்பு மையம் பார்த்துவிட்டேன், சரியாக இருக்கிறது. பயிற்றுநர் இந்த வாரம் ஊரில் இல்லை.

நாலாம்_சர்வோ · வெள்ளி, காலை 6.31
"வழக்கமான" என்பது உங்களுக்குத்தான் வழக்கம். எத்தனை செல்? சிறகும் வாலும் உறைந்தனவா?

எதிர்காற்று · வெள்ளி, காலை 7.05
இதற்கு இவ்வளவு விசாரணை எதற்கு? இறங்கும் சுற்றில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். எதிர்காற்றில் எழுகிறார், மேலே சுற்றுகிறார், பிறகு காற்றுப்போக்கில் திரும்புகிறார், விழுகிறார். முதுகில் காற்று வாங்கினால் சிறகின் மேல் ஓடும் காற்று குறைகிறது, தூக்குவிசை போய்விடுகிறது. காற்றுள்ள நாளில் காற்றுப்போக்கில் திரும்பும்போது த்ராட்டிலை (மோட்டார் வேகத்தை) ஏற்ற வேண்டும். இருபது ஆண்டாக இதைச் சொல்லிவருகிறேன்.

ஓடும்_ரயில் · வெள்ளி, காலை 7.40
இருபது ஆண்டாகத் தவறாகச் சொல்லிவருகிறீர்கள், ஐயா. விமானம் காற்றுக்குள் இருக்கிறது. ஓடும் ரயிலுக்குள் நடப்பவருக்கு முன்னால் நடப்பதும் பின்னால் நடப்பதும் ஒரே உழைப்புதான். காற்றில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம், 20 கிலோமீட்டர் காற்றை எதிர்த்தால் தரையைப் பொறுத்து 20, காற்றோடு போனால் 60. இரண்டிலும் சிறகுக்குத் தெரிவது அதே 40. தரையில் நிற்கும் நமக்குத்தான் 60 என்பது மிரட்சி தருகிறது. உடனே த்ராட்டிலைக் குறைத்து எலிவேட்டரை (மூக்கைத் தூக்கும் வால் மடலை) இழுக்கிறோம், வேகம் போதாமல் சிறகு தூக்குவிசையை இழக்கிறது, விமானம் திணறி விழுகிறது. விமானியின் கண் செய்கிற குற்றத்தைக் காற்றின் தலையில் கட்டாதீர்கள்.

எதிர்காற்று · வெள்ளி, காலை 7.52
ரயிலுக்குள் காற்று அடிப்பதில்லை. மைதானத்தில் அடிக்கிறது. நீங்கள் புத்தகத்தில் பறக்கிறீர்கள், நான் புல்லில் பறக்கிறேன்.

வாலில்லாக்குருவி · வெள்ளி, காலை 8.10
ஒரு விஷயத்தில் எதிர்காற்று சொல்வதில் உண்மை இருக்கிறது. தரைக்கு அருகே காற்று மெதுவாகவும் மேலே வேகமாகவும் வீசும். தாழ்வாகத் திரும்பும்போது இந்த வேறுபாடு விமானத்தைத் தொடும். ஆனால் அது காற்று அடுக்கு மாறுவதன் விளைவு, திரும்புவதன் விளைவு அன்று. திருப்பத்தின் பங்கு வேறு. 60 டிகிரி சாய்த்து உயரம் குறையாமல் திரும்பினால் சிறகு இரு மடங்கு எடையைத் தாங்க வேண்டும், திணறும் வேகமும் ஏறத்தாழ 1.4 மடங்காகும். காற்றே இல்லாத நாளிலும் இதுதான் கணக்கு.

(புதுச்சிறகு, இந்தச் சண்டையில் உங்களுக்குப் பயன் குறைவு. மேலே கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.)

கொடிக்கம்பம் · வெள்ளி, காலை 8.45
எங்கள் கிளப்பில் பாதுகாப்பைப் பார்ப்பவன் நான். எனக்கு இரண்டே கேள்வி. விமானம் எந்தப் பக்கம் விழுந்தது? சிக்னல் அறுந்தால் மோட்டார் நிற்கும்படி ஃபெயில்சேஃப் அமைத்திருக்கிறீர்களா?

புதுச்சிறகு · வெள்ளி, பகல் 1.15
இரண்டு முறை புல்லில். ஒரு முறை வண்டிகள் நிற்கும் பக்கம், யாருக்கும் அடியில்லை. ஃபெயில்சேஃப் பற்றித் தெரியவில்லை, பெட்டியில் வந்தபடியே இருக்கிறது. எல்லாமே உறைந்துவிடுகிறது, மோட்டாரும் நிற்கிறது. இரண்டாம் முறை மட்டும் தரைக்கு ஓர் ஆள் உயரத்தில் ஐலரான் (சிறகு மடல்) திரும்ப உயிர் பெற்றது. மோட்டார் வரவில்லை, த்ராட்டிலை அடிவரை இறக்கிய பிறகுதான் வந்தது.

கொடிக்கம்பம் · வெள்ளி, பகல் 1.22
வண்டிகள் நிற்கும் பக்கமா! காரணம் தெரியும்வரை தயவுசெய்து பறக்காதீர்கள். இதே இடத்தில் அடுத்த முறை ஒரு குழந்தை நிற்கலாம். போட்டி அடுத்த மாதமும் வரும்.

மூக்குக்கனம் · வெள்ளி, பகல் 1.30
ஈர்ப்பு மையத்தை எப்படிப் பார்த்தீர்கள்? பேட்டரியை உள்ளே வைத்தா, வைக்காமலா?

நாலாம்_சர்வோ · வெள்ளி, பகல் 1.48
கடைசியில் ஒரு துப்புக் கிடைத்தது. எல்லாம் ஒரே நேரத்தில் உறைகிறது என்றால் காற்றும் இல்லை, ஈர்ப்பு மையமும் இல்லை. திணறிய விமானத்தில் ஐலரான் பயன்தராது, ஆனால் அசையும். இங்கே அசையவே இல்லை. ஒன்று ரேடியோ இணைப்பு அறுகிறது, அல்லது ரிசீவருக்கு (விமானத்துக்குள் சிக்னலை வாங்கும் பெட்டிக்கு) மின்சாரம் அறுகிறது. விழுந்த பிறகு, பேட்டரியைக் கழற்றும் முன், ரிசீவர் விளக்கைப் பார்த்தீர்களா?

பழைய_பால்சா · வெள்ளி, பகல் 2.30
ஆன்டெனாவாகத்தான் இருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ரிசீவர் ஆன்டெனாவின் வேலை செய்யும் முனை ஏறத்தாழ 31 மில்லிமீட்டர்தான். அதைப் பேட்டரிக்கு அடியில் சுருட்டி வைப்பவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இரண்டு ஆன்டெனா இருந்தால் ஒன்றுக்கொன்று செங்குத்தாக ஒட்ட வேண்டும். டிரான்ஸ்மிட்டர் ஆன்டெனாவின் நுனியை விமானத்தை நோக்கி நீட்டக் கூடாது, சிக்னல் மிகவும் மெலிவது அந்த நுனித் திசையில்தான். இறங்கும் சுற்றில் புதியவர்கள் செய்வது அதைத்தான், துப்பாக்கி பிடிப்பதுபோல் நீட்டுவார்கள். குறைந்த சக்தி நிலையில் வைத்து முப்பது அடி தள்ளி நின்று தொலைவுச் சோதனை செய்யத் தெரியுமா, அல்லது அதையும் சொல்லித்தர வேண்டுமா?

நாலாம்_சர்வோ · வெள்ளி, பகல் 2.41
முப்பது அடி இல்லை, முப்பது எட்டு, அதாவது நடக்கும் தப்படி. ஆன்டெனா பற்றிச் சொன்னது சரி. சொன்ன விதம்தான் வழக்கம்போல.

பழைய_பால்சா · வெள்ளி, பகல் 2.44
எட்டு என்றுதான் நினைத்தேன். விரல் தவறியது.

புதுச்சிறகு · வெள்ளி, இரவு 9.05
தொலைவுச் சோதனை செய்தேன். நாற்பது எட்டு தள்ளியும் தடையில்லை. ரிசீவர் விளக்கு விழுந்த பிறகு மினுக்கிக்கொண்டிருந்தது. அது எப்போதும் அப்படித்தான் என்று நினைத்தேன்.

நாலாம்_சர்வோ · வெள்ளி, இரவு 9.09
எப்போதும் அப்படி இல்லை! சில ரிசீவர்களில், மின்சாரம் நடுவில் அறுந்து திரும்பினால் விளக்கு மினுக்கும். உங்களுடையது அந்த வகை என்றால், அது மூன்று முறையும் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. இப்போதாவது சொல்லுங்கள்: எத்தனை செல், எத்தனை சர்வோ, அண்மையில் எதை மாற்றினீர்கள்?

புதுச்சிறகு · வெள்ளி, இரவு 9.30
போன மாதம் ஃப்ளாப் (சிறகின் பின்விளிம்பில் கீழே இறக்கும் மடல்) சேர்த்தேன், போட்டியில் மெதுவாக இறங்குவதற்காக. அதற்கு இரண்டு சர்வோ. மொத்தம் 6. முன்பு 3 செல் பேட்டரி. கிளப் நண்பர் ஒருவர் தன்னிடம் இருந்த 4 செல் பேட்டரியைக் கொடுத்தார், அதில் நன்றாக ஏறுகிறது. புரொப்பல்லரைச் சிறிதாக மாற்றிவிட்டேன், மோட்டார் சூடாவதில்லை. அதனால் அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

வாலில்லாக்குருவி · வெள்ளி, இரவு 9.33
தோன்றவில்லை!

நாலாம்_சர்வோ · வெள்ளி, இரவு 9.58
சரி, இப்போது கதை முழுதாகத் தெரிகிறது. மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் உங்கள் ஈஎஸ்சிக்குள் பெக் என்ற ஒரு பகுதி இருக்கிறது. பெரிய பேட்டரியின் மின்னழுத்தத்தை 5 வோல்ட்டாகக் குறைத்து ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் கொடுப்பது அதுதான். பயிற்சி விமானங்களில் பெரும்பாலும் லீனியர் வகை இருக்கும். அது மிச்ச வோல்ட்டை வெறும் வெப்பமாக எரித்துத் தள்ளும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். முழுதாக ஏற்றிய 3 செல் 12.6 வோல்ட். 5 போக மிச்சம் 7.6. சர்வோக்கள் 1 ஆம்பியர் இழுத்தால் 7.6 வாட் வெப்பம். 4 செல் 16.8 வோல்ட், மிச்சம் 11.8. சர்வோ கூடியதால் 1.5 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 18 வாட். ஒரு சிறிய சால்டரிங் அயர்னை ஃபோம் பெட்டிக்குள் மூடிவைத்துப் பறக்கிறீர்கள். சூடு எல்லை மீறினால் பெக் தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும், கொஞ்சம் ஆறினால் திரும்ப வரும். நீங்கள் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் ஆறிவிடுகிறது. தரையில் எல்லாம் ஒழுங்காக இருப்பதன் ரகசியம் இதுதான். உயிர் திரும்பியபோது மோட்டார் மட்டும் வராததும் இதோடு பொருந்துகிறது: பல ஈஎஸ்சிகள் மீண்டும் தொடங்கினால் த்ராட்டில் அடியில் இருப்பதைப் பார்த்த பிறகே மோட்டாரை ஓட்டும்.

ஏன் எப்போதும் திரும்பும்போது? ஃப்ளாப்பை எப்போது இறக்குகிறீர்கள்?

புதுச்சிறகு · வெள்ளி, இரவு 10.10
திரும்புவதற்குச் சற்று முன். இறக்கினால் அந்தச் சர்வோக்கள் முனகும்.

நாலாம்_சர்வோ · வெள்ளி, இரவு 10.16
முனகும் சர்வோ முழு மூச்சில் மின்சாரம் குடிக்கும் சர்வோ. சர்வோவையும் ஃப்ளாப்பையும் இணைக்கும் கம்பி எங்கோ இடிக்கிறது, சர்வோ போக முடியாத இடத்துக்குத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. ஏற்கெனவே கொதிக்கும் பெக்கின் தலையில் கடைசிப் பாரம் அது.

சோதனை இதோ: புரொப்பல்லரைக் கழற்றுங்கள் (கட்டாயம்), 4 செல் பேட்டரியை மாட்டுங்கள், ஃப்ளாப்பை இறக்கிவைத்து டிரான்ஸ்மிட்டர் குச்சிகளை ஐந்து நிமிடம் விடாமல் ஆட்டுங்கள். சர்வோ உறைந்தால் விடை கிடைத்தது. உறையாவிட்டாலும் ஈஎஸ்சியில் விரல் வைக்க முடியாத சூடு இருந்தால் அதுவே போதும். கையேட்டைப் பாருங்கள், செல் கூடக் கூட சர்வோ எண்ணிக்கை குறையும் ஓர் அட்டவணை பெரும்பாலும் இருக்கும்.

தீர்வு: மிச்ச வோல்ட்டை இப்படி வெப்பமாக எரிக்காத ஸ்விட்சிங் வகைத் தனி பெக் வாங்குங்கள், 5 ஆம்பியராவது இருக்கட்டும். ஃப்ளாப் கம்பியைச் சரிசெய்யுங்கள். தனி பெக் மாட்டும்போது ஈஎஸ்சியிலிருந்து ரிசீவருக்கு வரும் நடுச் சிவப்புக் கம்பியைக் கழற்றித் தனியாகச் சுற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு பெக்கும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும்.

மூக்குக்கனம் · வெள்ளி, இரவு 10.25
4 செல் பேட்டரி கனம் கூடியது என்பதை யாரும் கவனிக்கவில்லை. மூக்குக் கனத்திருக்கும். ஆக இதிலும் ஈர்ப்பு மையத்துக்குப் பங்கு உண்டு.

ஓடும்_ரயில் · வெள்ளி, இரவு 10.31
எதிர்காற்று ஐயா, பார்த்தீர்களா? காற்று குற்றமற்றது.

எதிர்காற்று · வெள்ளி, இரவு 10.50
இவருடைய விமானத்தில் பெக் கெட்டது என்றால் உலகத்து விமானங்கள் எல்லாவற்றிலும் பெக்தான் கெட்டதா? நாளை மைதானத்துக்கு வாருங்கள், காற்று நன்றாக அடிக்கும் என்கிறார்கள். உங்கள் கண் முன்னாலேயே காட்டுகிறேன்.

ஓடும்_ரயில் · வெள்ளி, இரவு 10.53
வேகமானி பொருத்திய விமானத்தோடு வருகிறேன். எண் தன் வாயால் பேசட்டும்.

கொடிக்கம்பம் · சனி, காலை 7.10
இருவரும் வாருங்கள், ஆனால் ஒரே நேரத்தில் பறக்க வேண்டாம். புதுச்சிறகு, எது எப்படிப் போனாலும் ஃபெயில்சேஃப் அமைத்துவிடுங்கள். புரொப்பல்லரைக் கழற்றிவைத்து, மோட்டார் ஓடும்போது டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பாருங்கள், மோட்டார் நிற்க வேண்டும்.

புதுச்சிறகு · ஞாயிறு, இரவு 8.02
பெக்தான். மூன்றாவது நிமிடத்தில் உறைந்தது. தனி பெக் போட்டேன், இன்று நான்கு முறை பறந்தேன். நன்றி.

நாலாம்_சர்வோ · ஞாயிறு, இரவு 8.06
மிக்க மகிழ்ச்சி. சிவப்புக் கம்பியைக் கழற்றினீர்களா?

வாலில்லாக்குருவி · ஞாயிறு, இரவு 8.20
போட்டி என்ன ஆயிற்று?

நாலாம்_சர்வோ · செவ்வாய், காலை 6.15
புதுச்சிறகு, சிவப்புக் கம்பி?

பழைய_பால்சா · செவ்வாய், காலை 9.40
கழற்றியிருக்க மாட்டார். இன்னும் ஒரு மாதத்தில் புது இழை வரும், பார்த்துக்கொண்டே இருங்கள்.

எதிர்காற்று · செவ்வாய், இரவு 9.15
சனிக்கிழமை வேகமானி காட்டிய எண்ணை ரயில்காரர் இன்னும் இங்கே போடவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

ஓடும்_ரயில் · செவ்வாய், இரவு 9.18
அன்று காற்றே அடிக்கவில்லை, ஐயா.