1963 பிரசிஷன் பேஸ் என்கிறார்கள்: வாங்குமுன் எதைப் பார்ப்பது, அந்த 60-களின் ஒலி எங்கிருந்து வருகிறது?

நாலுகம்பி

வணக்கம். பழைய ஃபெண்டர் பிரசிஷன் பேஸ் (நாலு கம்பித் தாழ்சுர எலெக்ட்ரிக் கிட்டார்) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 1963 மாடல், சிவப்பு கம்பெனியிலேயே அடித்த நிறம், எல்லாம் ஒரிஜினல், "பிக்கப் மட்டும் ஒருதடவை சர்வீஸ் ஆனது" என்று விற்பவர் சொல்கிறார் (பிக்கப் என்றால் கம்பி அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்). நெக் (கழுத்து) உடம்போடு சேரும் இடத்துத் தகட்டிலுள்ள எண் 'எல்' எழுத்தில் ஆரம்பிக்கிறது. ரோஸ்வுட் ஃப்ரெட்போர்டு (ஃப்ரெட் எனும் குறுக்கு உலோகக் கட்டைகள் பதித்த, விரல் அழுத்தும் பலகை). ஸ்க்ரூ கழற்றிப் பார்க்கவும் சம்மதம். ஆனால் ஒரு மணி நேரம்தான் தருவார். பேஸ் இருப்பது வேறு நாட்டில், வாங்கினால் விமானத்தில் எடுத்துவர வேண்டும்.

எதை எந்த வரிசையில் பார்ப்பது?

இன்னொன்று. மோட்டவுன் (டெட்ராய்ட் இசைத்தட்டு நிறுவனம்) பதிவுகளில் வரும் அந்தக் கனமான, தட்டியதும் அடங்கிவிடும் ஒலிக்காகத்தான் இதைத் தேடுகிறேன். கையில் இருக்கும் புது பிரசிஷனை இன்டர்ஃபேஸில் (கணினியில் பதிவுசெய்யும் பெட்டி) செருகினால் கணகணவென்று பியானோ கம்பி மாதிரி வருகிறது. பழைய பேஸ் வந்தால் அது சரியாகிவிடுமா?

ஈயப்பற்று

வருஷம் எங்கேயும் ஓடிப்போகாது, முதல்ல நெக்கைப் பாருங்க. மற்ற எதையும் மாற்றலாம். நெக் போயிருந்தால் பேஸே போன மாதிரி.

கம்பிகளைச் சுருதி சேர்த்து வைத்துக்கொண்டு, ஹெட்ஸ்டாக் (சுருதி முறுக்கிகள் உள்ள தலை) பக்கமிருந்து ஒற்றைக் கண்ணால் ஃப்ரெட்போர்டின் இரண்டு ஓரத்தையும் பாருங்க. இரண்டும் ஒரே அளவு வளைந்திருந்தால் ட்ரஸ் ராட் (நெக்குக்குள் ஓடும், வளைவைச் சரிசெய்யும் உலோகத் தண்டு) பார்த்துக்கொள்ளும். ஒன்று நேராகவும் மற்றது வளைந்தும் இருந்தால் நெக் முறுக்கிக்கொண்டிருக்கிறது. அதற்கு ட்ரஸ் ராடில் மருந்து கிடையாது, ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பிடலாம்.

அடுத்து, ஈ கம்பியை (நாலில் தடித்தது) முதல் ஃப்ரெட்டிலும், நெக் உடம்போடு சேரும் இடத்து ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடியுங்க. 8-வது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே 0.3 மி.மீ. போல இடைவெளி இருக்கணும். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) இல்லைன்னா சாதாரண அச்சுத் தாள் மூன்றை அடுக்கினால் ஏறக்குறைய அந்தக் கனம் வரும். இடைவெளி அதிகமா இருந்தாலே பயப்பட வேணாம், ட்ரஸ் ராடில் இன்னும் இறுக்க இடமிருக்கா என்பதுதான் கேள்வி. 60-கள் நெக்கில் ராடைத் திருப்பும் நட் உடம்புக்குள் புதைந்திருக்கும், கழற்றினால்தான் தெரியும். எப்படியும் நெக் அடிமுனையிலுள்ள தேதி முத்திரை பார்க்கக் கழற்றுவீங்க. அப்போ விற்பவர் கண் முன்னாலேயே கால் சுற்று மட்டும் திருப்பிப் பாருங்க. அசையவே இல்லை, ஆனாலும் இடைவெளி ஒரு மி.மீ. இருக்குன்னா ராட் தன்னால் முடிந்ததை முடித்துவிட்டது.

12-க்கு மேல் ஃப்ரெட்கள் மேடு ஏறியிருக்கான்னும் ஒரு பார்வை. ஃப்ரெட்டில் 0.6 மி.மீ. உயரம்கூட மிச்சமில்லைன்னா புது ஃப்ரெட் போடும் செலவை விலையில் கழிச்சுக் கேளுங்க.

ஜி கம்பியில் (நாலில் மெல்லியது) 5 முதல் 7-வது ஃப்ரெட்டுக்குள் ஏதோ ஒரு இடத்தில் ஸ்வரம் சீக்கிரம் செத்துப்போகும். இந்த வகை நெக்கில் அது ரொம்ப சகஜம். அந்த அதிர்வெண்ணில் நெக்கே சேர்ந்து ஆடி சக்தியை வாங்கிக்கொள்ளும். அதுக்காக வேணாம்னு சொல்லாதீங்க.

இப்போ மீட்டர். கேபிளை பேஸில் செருகி, மறுமுனை ஜாக்கின் நுனியிலும் தண்டிலும் மல்டிமீட்டர் வையுங்க. வால்யூம் முழுசா திறந்திருக்கணும். ஆரோக்கியமான பிரசிஷன் பிக்கப் 10, 11 கிலோஓம் காட்டும். 250 கிலோஓம் காட்டினால் சுருள் அறுந்திருக்கு, நீங்க படிப்பது வெறும் வால்யூம் 'பாட்'டை (குமிழுக்கு அடியிலுள்ள மின்தடை). 5 பக்கம் காட்டினால் பிக்கப்பின் இரண்டு பாதியில் (ஈ-ஏ கம்பிக்கு ஒன்று, டி-ஜி கம்பிக்கு ஒன்று) ஒன்று வேலை செய்யலை. 2.7 மாதிரி வந்தால் இரண்டு பாதியையும் யாரோ பேரலலாக இணைச்சிருக்காங்க.

ஒரு எச்சரிக்கை. பிக்கப்பின் காந்தத் துண்டுகளை விரலால் அழுத்தி உயரம் சரிசெய்ய யாரையும் விடாதீங்க. பழைய பிக்கப்பில் கம்பி நேராகக் காந்தத்தின் மேலேயே சுற்றியிருக்கும். காந்தம் அசைந்தால் உள்சுற்று அறுந்துவிடும்.

பழையமரம்

வருடம் பற்றி. நெக் தகட்டு எண்தான் இருப்பதிலேயே பலவீனமான சாட்சி. நான்கு ஸ்க்ரூ கழற்றினால் தகடு மாறிவிடும். எல் வரிசை 1962 கடைசி முதல் 65 வரைக்குப் பொருந்தும், அவ்வளவுதான்.

நெக்கைக் கழற்றியதும் அடிமுனையில் மை முத்திரை இருக்கும். முதல் எண் மாடல்: பிரசிஷனுக்கு 5, ஜாஸ் பேஸுக்கு 7. பிறகு மாதம், வருடம். கடைசி எழுத்து, ஹெட்ஸ்டாக் பக்கம் கம்பிகள் உட்காரும் துண்டான இன்னொரு நட்டின் அகலம்: ஏ என்றால் ஒன்றரை அங்குலம், சி என்றால் ஒன்றேமுக்கால். 1963 பிரசிஷனில் சி எதிர்பார்க்கலாம்.

அதே முனையில் ரோஸ்வுட் ஒட்டிய கோட்டைப் பாருங்கள். 1962 நடுப்பகுதிவரை தட்டையான பலகையாக ஒட்டினார்கள். அதன்பின் மேப்பிளின் வளைவை ஒட்டி, அடிப்பக்கமும் வளைந்த மெல்லிய தகடு. 63-இல் கோடு நேராக இருந்தால் கேள்வி கேட்க வேண்டும். ஃப்ரெட்போர்டில் இடம் காட்டும் புள்ளிகள் மங்கலான களிமண் நிறமாக இருக்க வேண்டும். முத்துப் பளபளப்பு 64-இன் கடைசியில்தான் வந்தது.

பாட்களின் முதுகில் ஏழு இலக்கம் இருக்கும். முதல் மூன்று 137 என்றால் சிடிஎஸ் தயாரிப்பு, 304 என்றால் ஸ்டாக்போல். அடுத்த இரண்டு வருடம், கடைசி இரண்டு வாரம். பேஸ் அந்த வாரத்துக்கு முன்னால் ஒருங்கிணைக்கப்படவில்லை என்று மட்டும்தான் இது சொல்லும். எவ்வளவு பின்னால் என்று சொல்லாது. 1966 தேதியிட்ட பாட்கள் குவியலாக வாங்கி வைக்கப்பட்டு, அடுத்த சில வருடங்களின் கிட்டார்களிலும் வந்தன.

நிறத்துக்கு ஆணித்துளை பாருங்கள். உருவகம் இல்லை, நிஜமாகவே ஆணித்துளை. 1964 வரை பெயின்ட் அடிக்கும்போது உடம்பைத் தாங்க சிறு ஆணிகள் அடித்து, காய்ந்தபின் பிடுங்கினார்கள். பிக்கார்டை (உடம்பின் முகப்பிலுள்ள பிளாஸ்டிக் தகடு) தூக்கினால் துளைகள் தெரியும். உள்ளே வெறும் மரம் இருக்க வேண்டும். துளைக்குள் பெயின்ட் இறங்கியிருந்தால் ஆணி போனபிறகு யாரோ மறுபடி அடித்திருக்கிறார்கள். அடியில் சன்பர்ஸ்ட் (நடு வெளிறி ஓரம் கருக்கும் வழக்கமான நிறம்) தெரிகிறது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். கம்பெனியே சன்பர்ஸ்ட் மேல் தனி நிறம் அடித்ததுண்டு.

தாழ்சுரம்

இரண்டாம் கேள்விக்கு: ஆகாது. அறுபது வருட மரத்தில் புது ரவுண்ட்வவுண்ட் (உருண்டைக் கம்பி சுற்றிய, சொரசொரப்பான கம்பி) மாட்டினால் அதே கணகணதான், கொஞ்சம் விலை கூடின கணகண.

மோட்டவுன் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்தது 1962 பிரசிஷன். அதில் லபெல்லா கம்பெனியின் ஃப்ளாட்வவுண்ட் (தட்டை நாடா சுற்றிய, வழவழப்பான கம்பி), அங்குலத்தின் ஆயிரத்தில் 52 முதல் 110 பங்கு வரை கனமான செட். பழசானாலும் மாற்ற மாட்டார். பிரிட்ஜ் (கம்பிகள் உடம்பில் ஊன்றும் இடம்) மூடிக்குள் ஸ்பாஞ்ச். வலது கையில் ஒற்றை ஆள்காட்டி விரல். டெட்ராய்ட் ஸ்டுடியோவில் ஆம்ப்புக்கு மைக் வைக்காமல் நேராக கன்சோலுக்குள். லாஸ் ஏஞ்சல்ஸில் ஸ்டுடியோ பேஸ் கலைஞர் கேரல் கே இதற்கு எதிர்த்திசை: பிரசிஷன், ஃப்ளாட்வவுண்ட் எல்லாம் அதே, ஆனால் விரலுக்குப் பதில் பிக்கால் (மீட்டும் வில்லை) வாசிப்பு, பிரிட்ஜ் பக்கம் கம்பிகளுக்கு மேலே ஃபெல்ட் துண்டு. இருவரிடமும் பொதுவாக இருப்பது செத்த கம்பியும் அடைப்பும்தான். நீங்கள் தேடும் ஒலியில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது, அதை உங்கள் புது பேஸிலேயே இன்று மாலை செய்து பார்க்கலாம்.

மென்மையான ஸ்பாஞ்ச், சுமார் 2 செ.மீ. கனம், நான்கு கம்பிக்கும் எட்டும் நீளம். பிரிட்ஜுக்கு முன்னால் கம்பிகளுக்கு அடியில் செருகுங்கள். அழுத்தித் திணித்தால் சுருதியே தெரியாமல் 'தொப்' என்று மட்டும் கேட்கும். ஸ்வரம் ஒரு விநாடிபோல் நின்று அடங்கும்வரை உயரத்தைச் சீவிக் குறையுங்கள். பெரும்பாலும் ஈ கம்பி அடியில் அதிகமும் ஜி அடியில் குறைவும் சீவ வேண்டிவரும். டோன் குமிழ் மூன்றில் ஒரு பங்கு.

52-110 மாட்டுவதானால் நட் பள்ளத்தில் ஈ கம்பி உட்காருகிறதா பாருங்கள். உட்காராமல் மேலே நின்றால் முதல் ஃப்ரெட்டில் சுருதி ஏறிக் கேட்கும். இழுவிசை கூடுவதால் நெக் முன்னால் வளையும். இரண்டு நாள் விட்டு, ட்ரஸ் ராட் கால் சுற்று.

பதிவு: பாஸிவ் (பேட்டரி இல்லாத) பேஸை இன்டர்ஃபேஸின் லைன் உள்ளீட்டில் செருகாதீர்கள். அங்கே மின்மறுப்பு 10 கிலோஓம் அளவில் இருக்கும், பிக்கப்பை மூழ்கடித்துவிடும். இன்ஸ்ட்ருமென்ட் உள்ளீடு, 1 மெகாஓம். உச்சம் -10 டெசிபல் பக்கம் இருந்தால் போதும். கம்ப்ரஸர் (சத்த ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் கருவி) 4:1, அட்டாக் (அது வேலை தொடங்க எடுக்கும் நேரம்) 20 முதல் 30 மில்லிவிநாடி, 3 முதல் 6 டெசிபல் குறைப்பு. அட்டாக்கை 1-இல் வைத்தால் விரல் தட்டும் முனையே மறைந்து, பேஸ் பாட்டுக்குப் பின்னால் போய் உட்காரும். 35 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். திறந்த ஈ கம்பியே 41 ஹெர்ட்ஸ், அதற்குக் கீழே இருப்பது கை உரசலும் தரை அதிர்வும்.

ஆம்ப் மைக்கும் கலக்க ஆசைப்பட்டால்: மைக் 30 செ.மீ. தள்ளி இருந்தால் ஒலி 0.9 மில்லிவிநாடி தாமதமாக வரும், 48 கிலோஹெர்ட்ஸ் பதிவில் 42 சாம்பிள். அந்த ட்ராக்கை அவ்வளவு முன்னால் நகர்த்தாவிட்டால் நடு அலைவரிசையில் ஓட்டை விழும்.

கிளைக்கதை: அந்தக் காலத்து பிரிட்டிஷ் பதிவுகளில் பேஸ் ஒல்லியாக இருப்பதற்குத் இசைத்தட்டில் ஊசி துள்ளிவிடும் என்ற பயமும் ஒரு காரணம். 1966-இல் ஈஎம்ஐ ஸ்டுடியோவில் பீட்டில்ஸின் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமரிக், பேஸ் ஆம்ப்புக்கு எதிரே ஒரு ஒலிபெருக்கியைத் திருப்பி வைத்து அதையே மைக்காகப் பயன்படுத்தினார். பெரிய கூம்பு, தாழ்ந்த சுரத்தை நிறைய வாங்கும்.

நாலுகம்பி

பார்த்தாயிற்று. முறுக்கு இல்லை. 8-வது ஃப்ரெட்டில் தாள் ஐந்து நுழைகிறது, ட்ரஸ் ராட் நட் தாராளமாகத் திரும்புகிறது. முத்திரை: 5 மே 63 சி. ரோஸ்வுட் கோடு வளைவு. புள்ளிகள் மங்கல். இரண்டு பாட்டிலும் 1376633. ஆணித்துளை மூன்று, உள்ளே சிவப்பு. மீட்டர் 5.4 கிலோஓம். டி, ஜி இரண்டும் மெலிவு, அதோடு ஹம்மும் (மின் ரீங்காரம்) பலமாக இருக்கிறது.

ஈயப்பற்று

ஹம், மெலிவு, 5.4 மூன்றும் ஒரே நோய். இரண்டு பாதியும் எதிரெதிராகச் சுற்றியிருப்பதால்தான் ஹம் அடிபட்டுப்போகும். ஒன்று விலகினால் அந்தக் காவலும் போச்சு. டி-ஜி பாதியின் சுருள் அறுந்திருந்தால் சத்தமே வந்திருக்காது, 250 காட்டியிருக்கும். ஆகவே அது அறுகலை, ஓரங்கட்டப்பட்டிருக்கு. இரண்டையும் சேர்க்கும் வயர் எங்கேயோ எர்த்தில் தொடுது. பிக்கார்டுக்கு அடியிலுள்ள அலுமினியத் தகட்டில் உரசுதான்னு முதல்ல பாருங்க. பழைய துணி உறை வயர் பிரிந்து அப்படி ஆகும். உறை போட்டு, 10-க்கு மேல் ஏறுதான்னு மீட்டரில் பாருங்க. ஏறலைன்னா அந்தச் சுருளைத் தனியா அவிழ்த்து அளக்கணும், 5-க்குக் கீழே இருந்தால் மறுசுற்று.

நெக் நல்ல நெக். விடாதீங்க.

பழையமரம்

நெக் 63. பாட்கள் 66-இன் 33-வது வாரம், அதாவது ஆகஸ்ட். மூன்று வருட இடைவெளியைக் கம்பெனித் தாமதம் என்று சொல்ல முடியாது, பாட்கள் பின்னால் மாற்றப்பட்டவை. நிறம் மறுபடி அடித்தது, அதில் சந்தேகமில்லை. மறுபெயின்ட் ஆன பேஸுக்கு ஒரிஜினலின் ஏறக்குறைய பாதி மதிப்புதான் சொல்வார்கள். அதுவும் இங்கே கேட்கப்படுவது கம்பெனி சிவப்புக்கான கூடுதல் விலை. துளையின் படத்தையும் பாட் எண்ணையும் காட்டிப் பேசுங்கள். வாசிக்க வாங்குவதானால், சரியான விலைக்கு இது நல்ல பேஸ். சேமிப்புக்கு என்றால் வேண்டாம்.

பயணம்: 63 ரோஸ்வுட் பிரேசில் மரமாகத்தான் இருக்கும். 1992 முதல் அது சைட்டீஸ் (அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்) முதல் பட்டியலில். 2019-இல் இசைக்கருவிகளுக்கு வந்த விலக்கு மற்ற ரோஸ்வுட்களுக்கு மட்டும்தான், இதற்குப் பொருந்தாது. தடைக்கு முந்தைய மரம் என்ற சான்றிதழை விற்பவர் தன் நாட்டு அலுவலகத்தில் வாங்கித் தரவேண்டும். உங்கள் நாட்டு அலுவலகத்திலும் முன்கூட்டியே கேளுங்கள். காகிதம் இல்லாமல் விமான நிலையத்துக்குப் போனால் பறிமுதல் செய்ய அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

கம்பிகளை முழுக்கத் தளர்த்திவிடுங்கள்.

ஈயப்பற்று

முழுக்க வேணாம். ராட் இறுகியே இருக்கும்போது எதிர் இழுப்பு இல்லைன்னா நெக் பின்னால் வளையும். ஒன்றரை, இரண்டு ஸ்வரம் இறக்கினால் போதும். கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே அட்டை ஒன்று, ஹெட்ஸ்டாக்குக்கு அடியில் முட்டு. அங்கே வெறுமையா விட்டால் பெட்டி விழுந்த அதிர்ச்சி முழுக்க நெக்கில் இறங்கும்.

நெக்கைத் திரும்ப மாட்டும்போது ஸ்க்ரூவை முதலில் இடப்பக்கம் திருப்புங்க, 'டிக்' என்று பழைய புரியில் விழும். அப்புறம் வலப்பக்கம். இல்லைன்னா ஒவ்வொரு தடவையும் மரத்தில் புதுப் புரி வெட்டி, நாலாவது தடவை ஸ்க்ரூ சும்மா சுற்றும்.

தாழ்சுரம்

வீடு வந்ததும் பெட்டியை உடனே திறக்காதீர்கள். குளிரில் கிடந்த லேக்கர் சூடான அறைக்காற்று பட்டால் நொடியில் வலைபோல் வெடிக்கும். மூடியபடியே ஏழெட்டு மணி நேரம் கிடக்கட்டும். அதற்குள் ஸ்பாஞ்சை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.