அரை மில்லிமீட்டர் தகடு, ஒரு மில்லிமீட்டர் சந்து

தொரப்பாடியிலிருந்து:

வேலூரில் எம்.எஸ்சி. இயற்பியல் படித்த காலம். ஆய்வகத்தில் மெழுகு நிரப்பிய டிரம், அதன் நடுவே நியூட்ரான்களை வெளிவிடும் அமெரிசியம்-பெரிலியம் கதிர்மூலம். வேகமாகக் கிளம்பும் நியூட்ரான் மெழுகின் ஹைட்ரஜனோடு மோதி மோதி நொடிக்குச் சுமார் 2,200 மீட்டருக்கு இறங்கிவிடும். அப்படி மெதுவானவற்றை எந்தத் தகடு எவ்வளவு விடுகிறது என்பதுதான் சோதனை.

1 மி.மீ. அலுமினியம் வைத்தோம், தாண்டி வரும் நியூட்ரான்களின் எண்ணிக்கை அசையவில்லை. 2 மி.மீ. ஈயத்துக்கு லேசாகக் குறைந்தது. அடுத்தது மெதுவான நியூட்ரானை உறிஞ்சிவிடும் காட்மியம். அரை மி.மீ. போதும், மெதுவான நியூட்ரான் ஆயிரத்தில் மூன்றுதான் தாண்டும் என்று கணக்குப் போட்டிருந்தேன். எண்ணும் குழாயைச் சுற்றித் தகட்டைக் கட்டினேன். குறைந்தது, ஆனால் கணக்குக்கு வரவில்லை. காட்மியத்துக்கு அடங்காத வேகமானவற்றைக் கழித்தும் மிச்சம் நின்றது. மே மாத வெயிலில் இரண்டு மணி நேரம் கருவியையே சந்தேகித்துக்கொண்டிருந்தேன்.

சார் வந்தார். கையுறை போட்டுக் குழாயைச் சன்னலோரம் திருப்பினார். தகட்டின் இரு விளிம்பும் சேரும் இடத்தில் நீளவாக்கில் ஒரு கோடாகக் குழாயின் உலோகம் பளபளத்தது.

"தகடு சரியாத்தான் தடுக்குது. நீ விட்ட சந்து வழியா வருதுப்பா."

குழாயின் சுற்றளவு 8 செ.மீ. இருக்கும். 1 மி.மீ. சந்து என்றால் ஆயிரத்தில் பன்னிரண்டு. தகட்டைத் தாண்டி வருவதைப் போல நான்கு மடங்கு! விளிம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிக் கட்டியதும் எண்ணிக்கை இறங்கிவிட்டது.

ராணிப்பேட்டையிலிருந்து:

நான் வெல்டிங்கை இரிடியம்-192 தரும் காமா கதிரை வைத்துப் படமெடுத்துச் சோதிப்பவன். எங்களுக்கு ஈயம்தான் கவசம், படத்தில் அடையாள எழுத்தும் ஈயம்தான். ஒரு பயிற்சியில், காமா கதிருக்குப் பதில் நியூட்ரானை வைத்து எடுத்த படம் ஒன்றைக் காட்டினார்கள். இரும்பு உறைக்குள் இருந்த ரப்பர் வளையம் அழுத்தமாகத் தெரிந்தது, ஈயத் துண்டு மங்கலாகக் கிடந்தது. நம் பாலாறு கடலில் சேரும் இடத்துக்கு வடக்கே, கல்பாக்கத்தில், காமினி என்ற 30 கிலோவாட் அணு உலையில் இப்படிப் படம் எடுக்கிறார்கள் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

தொரப்பாடியிலிருந்து:

அண்ணா, அந்த ரப்பரிலும் ஹைட்ரஜன்தான் வேலை செய்கிறது. 1 மி.மீ. தண்ணீர்ப் படலமே கால் பங்குக்கு மேல் சிதறடித்துவிடும். இன்னொன்று, நியூட்ரானின் வேகம் பாதியானால் உறிஞ்சப்படும் வாய்ப்பு இரட்டிப்பாகும். அதனால்தான் நியூட்ரான்களைக் குளிர்வித்து இன்னும் மெதுவாக்கித் தரும் 'குளிர் நியூட்ரான் மூலத்தை' வடிவமைக்கும்போது, குளிர்விக்கும் பொருள் இருக்கும் கலத்தின் சுவருக்கு அலுமினியக் கலவையை எடுத்து, அழுத்தம் தாங்கும் மட்டுக்கும் மெல்லியதாக்கப் பார்க்கிறார்கள். அந்தச் சுவரில் வெல்டிங் எப்படிப் போடுவார்கள் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.