அக்டோபர் 2: பலகையில் எட்டு வரிதான் பிடிக்கும், எதை எழுத, எதை விட?

ஓய்வுபெற்ற தபால்காரன் (சாத்தூர் பக்கம்):

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஊர் டீக்கடைச் சுவரில் மூன்றடிக்கு இரண்டடி கரும்பலகை ஒன்று மாட்டி, ஆறு வருடமாகத் தினமும் விடியற்காலையில் 'இன்று என்ன நாள்' என்று எழுதி வருகிறேன். வேலையில் இருந்தபோது ஊருக்குச் சேதி கொண்டுபோய்க் கொடுத்த பழக்கம், சும்மா இருக்க விடவில்லை. என் எழுத்து கொஞ்சம் பெரிசு. எட்டு வரிக்கு மேல் பிடிக்காது.

மற்ற நாளில் சிக்கலே இல்லை. சில நாளைக்கு ஒரு வரி தேறுவதே பெரும்பாடு. அக்டோபர் 2 வந்தால்தான் கை நடுங்குகிறது. போன வருடம் அவசரத்தில் 'காந்தி, சாஸ்திரி, காமராஜர் பிறந்த நாள்' என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிட்டேன். முதல் டீக்கு வந்த பெரியவர் ஒருவர் நின்று படித்தார். "ஏம்ப்பா, ஜூலை 15-ல விருதுநகர்ல பிறந்த மனுஷன, அக்டோபர்ல நீ மறுபடியும் பெத்துட்டியா?" என்றார். அழிக்க ஈரத்துணி தேடுவதற்குள் கிராம சபைக் கூட்டத்துக்குப் போகிற சனம் பாதி படித்துவிட்டது. காமராஜர் பிறந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு இப்படி எழுதலாமா? இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அவர் 1975 அக்டோபர் 2-இல் காலமானார் என்பது எனக்குத் தெரியாததா என்ன! கை முந்திவிட்டது, அவ்வளவுதான்.

இந்த வருடம் ஒழுங்காக எழுத வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒரு தம்பி இருபது வரிப் பட்டியல் அனுப்பினார். அதில் எதை நம்ப, எதை விட என்று தெரியவில்லை. பிறந்த நாளையும் நினைவு நாளையும் ஒரே பலகையில் எப்படி எழுதுவது? யார் பெயர் முதலில்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்கு வாத்தியார்:

ஐயா, இருபது வரியையும் இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். தானாக அமைந்தது ஒரு பக்கம், காந்தி பிறந்த நாள் என்பதற்காகவே நாள் பார்த்து வைத்தது இன்னொரு பக்கம்.

1952-இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது அக்டோபர் 2. ராஜஸ்தானின் நாகௌரில் நேரு பஞ்சாயத்து ராஜ் முறையைத் தொடங்கி வைத்தது 1959 அக்டோபர் 2. தூய்மை இந்தியா 2014 அக்டோபர் 2. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அரசாங்கம் நல்ல நாள் பார்க்கிறது, நாம் கல்யாணத்துக்குப் பார்ப்பதுபோல. இவற்றைத் தாராளமாக விட்டுவிடலாம்.

தானாக அமைந்தது இரண்டுதான். 1904-இல் முகல்சராயில் சாஸ்திரி பிறந்தது, 1975-இல் காமராஜர் மறைந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கதையும் இருக்கிறது. மூத்த தலைவர்கள் பதவியை விட்டுக் கட்சி வேலைக்குப் போக வேண்டும் என்ற காமராஜர் திட்டப்படி 1963-இல் பதவியை விட்ட மத்திய அமைச்சர்களில் சாஸ்திரியும் ஒருவர், அப்போது உள்துறை அவரிடம் இருந்தது. காமராஜர் தன் முதல்வர் பதவியை விட்டு இறங்கிய நாள் எது தெரியுமா? 1963 அக்டோபர் 2! அன்றைக்கே பக்தவத்சலம் முதல்வரானார். அடுத்த வருடம் மே 27-இல் நேரு மறைந்ததும், காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜர் சாஸ்திரியைப் பிரதமராகக் கொண்டுவந்தார்.

ஆக, காமராஜர் பதவியை விட்டதும் அக்டோபர் 2, பன்னிரண்டு வருடம் கழித்து உயிரை விட்டதும் அக்டோபர் 2. இதை எழுதாமல் விட்டால் பலகை எதற்கு?

குமரிக்காரன்:

அண்ணாச்சி, எங்கள் ஊரையும் ஒரு வரியில் சேருங்கள். கன்னியாகுமரி காந்தி மண்டபத்தில், கடலில் கரைக்குமுன் அஸ்திக் கலசம் வைத்திருந்த இடத்தில் பீடம் கட்டியிருக்கிறார்கள். கூரையில் ஒரு துவாரம். அக்டோபர் 2 நண்பகலில் அது வழியாக வெயில் நேராகப் பீடத்தில் விழும். சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கூட்டத்தில் வெளிச்சத்தைவிடத் தலைகளைத்தான் அதிகம் பார்த்தேன்.

கணக்கு வாத்தியார்:

குமரிக்காரரே, கோபிக்க வேண்டாம். சூரியன் தெற்கே போகும்போது அக்டோபர் 2-இல் இருக்கும் அதே உயரத்துக்கு, வடக்கே திரும்பும்போது மார்ச் 11, 12 வாக்கில் மறுபடி வரும். அன்றைக்கும் வெயில் அங்கேதான் விழ வேண்டும்.

குமரிக்காரன்:

அப்படியென்றால் கூட்டமில்லாமல் பார்க்க ஒரு நாள் கிடைத்தது. நன்றி வாத்தியாரே!

பால்வாடி டீச்சர்:

தபால்கார அண்ணாச்சி, நான் அங்கன்வாடிப் பணியாளர். ஒரு வரி எங்களுக்கும் கொடுங்கள்.

ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் சோதனையாகத் தொடங்கிய நாள் 1975 அக்டோபர் 2. ஆறு வயதுக்குள் இருக்கிற பிள்ளைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மார்களுக்கும் ஊட்டச்சத்து கொடுக்க வந்தது. நான் தினமும் எடை போட்டு எழுதுகிற நோட்டு, கொடுக்கிற சத்துமாவு எல்லாம் அதில் வந்ததுதான்.

வாத்தியார் சொல்கிற கணக்கில் இது நாள் பார்த்து வைத்ததுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வருடத்தைப் பாருங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மதியச் சோறு போட்டவர் தியாகராய நகர் வீட்டில் கண்ணை மூடிய அதே நாளில், பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுக்கிற திட்டம் தொடங்குகிறது. இதை யாரும் நாள் பார்த்து வைக்க முடியாது. பயிற்சியில் தொடங்கிய தேதியைச் சொன்னார்கள், காமராஜர் பெயரை யாரும் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள் காலண்டரைக் கிழிக்கும்போது தற்செயலாகக் கண்ணில் பட்டது. கொஞ்ச நேரம் அந்தத் தாளைக் கையிலேயே வைத்திருந்தேன்.

கணக்கு வாத்தியார்:

அம்மா, இது எனக்குத் தோன்றவே இல்லை. என் பிரிவினையில் மூன்றாவதாக ஒரு பக்கம் சேர்க்க வேண்டும் போலிருக்கிறது.

ஓய்வுபெற்ற தபால்காரன் (சாத்தூர் பக்கம்):

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி பழைய காலண்டர் அட்டையில் எழுதிப் பார்த்தேன். பிறப்புக்கு வெள்ளைச் சாக்பீஸ், மறைவுக்கு மஞ்சள். கை முந்தினாலும் நிறம் காட்டிக்கொடுத்துவிடும்.

அக்டோபர் 2
காந்தி பிறந்தார், 1869, போர்பந்தர்
சாஸ்திரி பிறந்தார், 1904, முகல்சராய்
காமராஜர் முதல்வர் பதவியை விட்டார், 1963
காமராஜர் மறைந்தார், 1975
அதே நாள் பால்வாடித் திட்டம் தொடங்கியது
இன்று காலை கிராம சபை, எல்லாரும் வரவும்

ஏழு வரி ஆகிவிட்டது. திட்டத்தின் முழுப் பெயரை எழுதினால் அதுவே இரண்டு வரி தின்னும். ஊரில் எல்லாரும் பால்வாடி என்றுதான் சொல்கிறோம், அதையே போட்டுவிட்டேன். டாஸ்மாக் லீவு என்று எட்டாவது வரி போடச் சொன்னார் கடைக்காரர். அது ஊருக்கே தெரியும், முதல் நாளே வாங்கி வைத்துவிடுகிறார்கள். எட்டாவது வரியைக் குமரிக்காரத் தம்பியின் வெயிலுக்குக் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். போன வருடம் திட்டிய பெரியவரிடம் அட்டையைக் காட்டினேன். கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார். "இப்பச் சரி" என்றார். டீக்கும் அவரே காசு கொடுத்தார்.

பால்வாடி டீச்சர்:

அன்றைக்கு எங்கள் மையம் லீவு, அண்ணாச்சி. முதல் நாள் சாயங்காலமே வாசல் பலகையில் இதைப் பார்த்து எழுதிவிடுகிறேன். மஞ்சள் சாக்பீஸ் தீர்ந்துபோச்சு, வாங்க வேண்டும்.