கோல் போஸ்ட்டுக்குள் கேமரா வைப்பது: 4 அங்குல ஜிஐ குழாயில் துளை போடலாமா?

தேவனாம்பட்டினம்_கோலி (கேள்வி)

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் மே மாதம் கால்பந்துப் போட்டி நடத்துகிறோம். 17 வயதுக்கு உட்பட்டோர் ஒரு பிரிவு, பொதுப் பிரிவு இன்னொன்று. பந்து கோட்டைத் தாண்டியதா இல்லையா என்ற தகராறுதான் எப்போதும் வருகிறது. அதனால் கோல் போஸ்ட்டுக்குள்ளேயே வெளியே தெரியாதபடி சின்ன கேமரா வைக்கலாமா என்று யோசிக்கிறோம்.

போஸ்ட் 4 அங்குல ஜிஐ குழாய், தரையில் கான்கிரீட் போட்டு நிறுத்தியது. இடைவெளி 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர், சரியான அளவுதான். லேத் பட்டறையில் 40 மி.மீ. துளை போட்டுத் தருகிறேன் என்கிறார்கள். துளைக்குள் ஒரு ஆக்‌ஷன் கேமரா, பக்கத்தில் பவர் பேங்க், வைஃபை வழியாக ஸ்கோரர் மேசைக்குப் படம். இதுதான் திட்டம். எங்கே இடிக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

நூல்மட்டம்

துளை போடாதீர்கள். குழாய் பலவீனமாகும், துத்தநாகப் பூச்சு போன இடத்தில் கடல்காற்று உள்ளிருந்து அரிக்கும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய காரணம், துளைக்குள் வைத்த கேமரா தவறான தீர்ப்பு சொல்லும்.

முழுப் பந்தும் கோட்டின் முழு அகலத்தையும் தாண்டினால்தான் கோல். அதாவது தீர்ப்பு சொல்வது கோட்டின் பின்விளிம்பு. கோடும் போஸ்ட்டும் ஒரே அகலம் என்பதால் அது போஸ்ட்டின் பின்பக்கத்தோடு நேராக வரும். 4 அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 114.3 மி.மீ. துளைக்குள் குழாயின் நடுவில் லென்ஸ் உட்கார்ந்தால், பின்விளிம்பிலிருந்து 5.7 செ.மீ. மைதானத்தின் பக்கம் தள்ளி இருக்கும். அங்கிருந்து எதிர் போஸ்ட்டின் பின்விளிம்பைப் பார்க்கும் கோடு சாய்வான கோடு. கோலின் நடுவில் அது உண்மையான கோட்டுக்கு ஏறக்குறைய 2.8 செ.மீ. முன்னால் போகும். கேமரா இருக்கும் போஸ்ட்டிலிருந்து 1 மீட்டரில் 4.9 செ.மீ. முன்னால் போகும். 4 செ.மீ. இன்னும் கோட்டின் மேலேயே இருக்கும் பந்தை அந்தப் படம் "முழுதாகத் தாண்டிவிட்டது" என்று காட்டும். நிற்கிற தகராறு எல்லாமே அந்த நாலைந்து சென்டிமீட்டரில்தானே?

ஆகவே லென்ஸின் மையம் போஸ்ட்டின் பின்விளிம்பு நேர்கோட்டில் இருக்க வேண்டும். குழாய் உருண்டை என்பதால் பின்பக்க வளைவில், உள்விளிம்பை (எதிர் போஸ்ட்டைப் பார்க்கும் பக்கத்தை) ஒட்டி, சின்ன லென்ஸுக்கு இடம் கிடைக்கும். உள்விளிம்பைத் தாண்டி ஒரு மில்லிமீட்டர் கூட நீட்டக் கூடாது. அப்படி வைத்தால் முன்னாலிருந்து வரும் பந்து கேமராவைத் தொடாது. வலையில் பட்டுத் திரும்பும் பந்துக்கு மட்டும் ஒரு மூடி போதும்.

சரியாக வைத்தோமா என்று பார்க்கக் கொத்தனார் நூல் இரண்டு எடுங்கள். இரண்டு போஸ்ட்டுகளின் பின்பக்கத்தையும் தொட்டபடி தரையிலிருந்து 20 செ.மீ.யில் ஒன்று, 2 மீட்டரில் ஒன்று, தொய்வில்லாமல் இழுத்துக் கட்டுங்கள். இப்போது கேமரா படத்தைப் பாருங்கள். லென்ஸ் சரியான இடத்தில் இருந்தால் இரண்டு நூலும் ஒரே நேர்கோடாக, ஒன்றின் கீழ் ஒன்றாகத் தெரியும். ஒரு சென்டிமீட்டர் விலகியிருந்தாலும் எதிர் போஸ்ட்டின் பக்கம் கூரான முனையோடு விரிந்த கவராயம் மாதிரி உடைந்து தெரியும். உடைப்பு நேராகும் வரை பிராக்கெட்டை நகர்த்துங்கள். அந்தக் கோடு படத்தின் நட்டநடுவில் வரட்டும். லென்ஸின் வளைப்பு படத்தின் ஓரங்களில்தான் கோட்டைக் கெடுக்கும், நடுவே போகும் கோட்டை வளைக்காது.

இதற்கு முன் தூக்குக் குண்டு விட்டு போஸ்ட் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். போஸ்ட் சாய்ந்திருந்தால் மேலே சொன்னது எதுவும் வேலைக்காகாது.

இன்னொன்று. சுண்ணாம்புத் தூளில் போட்ட கோட்டை அளவாக எடுக்காதீர்கள். கீப்பர் நாலு முறை குதித்தால் கோடு ஒரு சாண் அகலத்துக்குப் பரவிவிடும். எதிர் போஸ்ட்டின் பின்விளிம்பு மட்டும்தான் அளவு.

---

ஷட்டர்வேகம்

நூல்மட்டம் சொன்ன இடம் சரி. எந்த கேமரா என்பதற்கு வருகிறேன்.

பந்து விநாடிக்கு 30 மீட்டரில் வந்தால், விநாடிக்கு 30 ஃப்ரேம் (படம்) எடுக்கும் கேமராவில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே 1 மீட்டர் போய்விடும். 60 ஃப்ரேமில் 50 செ.மீ., 120-ல் 25, 240-ல் 12.5. பந்தின் விட்டமே 22 செ.மீ.தான். அதனால் 120-க்குக் கீழே இறங்காதீர்கள்.

அடுத்தது ஷட்டர், அதாவது ஒரு படத்துக்கு சென்சார் ஒளி வாங்கும் நேரம். 1/1000 விநாடியில் அதே பந்து 3 செ.மீ. இழுபட்டுத் தெரியும், 1/2000-ல் 1.5 செ.மீ. பகல் ஆட்டத்துக்கு 1/2000 வைக்கலாம். தானியங்கி அமைப்பில் விட்டால் மேகம் வந்ததும் ஷட்டரை அதுவே மெதுவாக்கிக்கொள்ளும், கையால் பூட்டிவிடுங்கள்.

சாதாரண சென்சார் படத்தை வரிவரியாக மேலிருந்து கீழே படிக்கும். போஸ்ட்டில் பந்து பட்டு அதிரும்போது படம் ஜெல்லி மாதிரி நெளிவது அதனால்தான். அந்த நேரத்து ஃப்ரேமை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. குளோபல் ஷட்டர் சென்சார் முழுப் படத்தையும் ஒரே கணத்தில் எடுக்கும். ஓவி9281 சென்சார் உள்ள யுஎஸ்பி கேமரா போர்டு 1280×800 அளவில் விநாடிக்கு 120 ஃப்ரேம் தரும், கறுப்பு வெள்ளை. வெள்ளைப் பந்தைப் பார்க்கக் கறுப்பு வெள்ளையே போதும். சென்னை ரிச்சி தெருவில் விசாரித்துப் பாருங்கள், ஆன்லைனிலும் கிடைக்கும்.

ஆக்‌ஷன் கேமராதான் என்றால் மூன்று வேலை செய்யுங்கள்: அதிர்வு நிலைப்படுத்தலை அணைக்க வேண்டும் (அது படத்தை வெட்டி நகர்த்தும், நூல் வைத்துச் செய்த அளவீடு வீணாகும்), வைட் கோணத்தை விட்டு, கோடுகளை வளைக்காத லீனியரில் வைக்க வேண்டும், 240 ஃப்ரேமில் ஓட்ட வேண்டும்.

ஒரு கோலுக்கு இரண்டு கேமரா வேண்டும், போஸ்ட்டுக்கு ஒன்று, தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில். 40 பாகைக் கோணமுள்ள லென்ஸ் போட்டால் எதிர் போஸ்ட்டின் அருகே ஒரு பிக்ஸல் சுமார் 4 மி.மீ., நல்ல துல்லியம். ஆனால் தன் காலடியில், 1 மீட்டருக்குள் வரும் பந்தை அது பார்க்காது. அந்த இடத்தை எதிர் போஸ்ட்டின் கேமரா பார்த்துக்கொள்ளும். கீப்பரின் உடம்பு மறைத்தாலும் இரண்டில் ஒன்றுக்குப் பெரும்பாலும் பந்து தெரியும்.

முழு ஆட்டத்தையும் சேமிக்காதீர்கள். ஒரு ஃப்ரேம் 100 கிலோபைட் என்று வைத்தால் விநாடிக்கு 12 எம்பி, 90 நிமிடத்துக்கு 65 ஜிபி, அதுவும் ஒரு கேமராவுக்கு. கடைசி 30 விநாடியை மட்டும் நினைவில் சுழற்சியாக வைத்து, மேசையில் பொத்தானை அழுத்தினால் அந்த 360 எம்பி-யை மட்டும் எழுதச் சொல்லுங்கள்.

---

மேட்டுப்பாளையம்_வயர்மேன்

புதுச்சேரியிலிருந்து எழுதுகிறேன். இந்தக் கடற்கரையில் வெளியே வைக்கிற எந்தச் சாதனத்துக்கும் எதிரி உப்புதான், அதற்குப் பிறகுதான் மழையும் வெயிலும்.

குழாய்க்குள் வைஃபை எடுக்காது. நாலு பக்கமும் இரும்பு, 40 மி.மீ. துளை வழியாகக் கசிவது 50 மீட்டர் போகாது. ஆட்டம் பார்க்க வந்தவர்களின் போன்களும் அதே அலைவரிசையில்தான் இருக்கும். கேபிள்தான் சரி. ஆனால் அளந்து பாருங்கள்: மைதானம் 105க்கு 68 என்றால் கோலிலிருந்து மூலைக் கொடிக்கு சுமார் 30 மீட்டர், அங்கிருந்து நடுக்கோட்டு மேசைக்கு 52.5, சுற்றி ஒதுங்கிப் போவது, மேலே ஏறி இறங்குவது எல்லாம் சேர்த்தால் 90-ஐத் தொடும். ஈதர்நெட் (நெட்வொர்க்) கேபிளின் எல்லை 100 மீட்டர். தாங்கும், ஆனால் நடுவில் ஒட்டுப் போடக் கூடாது.

மின்சாரத்தையும் அதே கேபிளில் அனுப்புங்கள், அதாவது பி.ஓ.இ. நெட்வொர்க் சுவிட்சிலிருந்து 15.4 வாட், மறுமுனையில் 12.95 வாட் உறுதி. கேமராவின் படத்தை வாங்கி அனுப்பும் சின்னக் கணினிப் பலகையும் கேமராவும் அதற்குள் அடங்கும். இங்கே பலர் ஏமாறும் இடம் கேபிள். விலை மலிவாக வரும் கேட்-6 நெட்வொர்க் கேபிள் பலவும் அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசியது. 90 மீட்டரில் வோல்டேஜ் இறங்கி, கேமரா திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகும். முனையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சுத்தச் செம்பு, வெயில் தாங்கும் கறுப்பு உறை. டச் லைனுக்கு வெளியே அரை அடி பள்ளம் எடுத்து முக்கால் அங்குல பிவிசி குழாயில் விடுங்கள். மேலாக விட்டால் யாராவது தடுக்கி விழுவார்கள்.

யுஎஸ்பி கேபிள் 5 மீட்டருக்கு மேல் வேலை செய்யாது. மேல் பாரைச் சுற்றி எதிர் போஸ்ட்டுக்குப் போக 12 மீட்டர் ஆகும். ஆகவே போஸ்ட்டுக்கு ஒரு பலகை, ஒரு பெட்டி.

பெட்டியைக் கட்ட யூ-போல்ட் வேண்டாம். அதன் கம்பி போஸ்ட்டின் முன்பக்கம் புடைத்து நிற்கும். பந்தும் திசை மாறும், கீப்பரின் கையும் கிழியும். சிசிடிவி கம்பத்துக்குப் போடுகிற 20 மி.மீ. தட்டைப் பட்டை போடுங்கள், அடியில் சைக்கிள் டியூப் ரப்பர், பூட்டு பின்பக்கம், மேலே வெள்ளை பெயின்ட். பட்டையும் திருகும் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும், 304 இந்தக் காற்றில் சீக்கிரம் பழுப்புப் புள்ளி விடும். அலுமினியப் பெட்டியில் ஸ்டீல் திருகு நேரடியாகத் தொட்டால் உப்பு ஈரத்தில் அலுமினியம் வெள்ளை மாவாக உதிரும். நடுவில் நைலான் வாஷர் போடுங்கள்.

ஜன்னலுக்குக் கண்ணாடி கூடாது, 3 மி.மீ. பாலிகார்பனேட். கேபிள் நுழைவது பெட்டியின் அடிப்பக்கம், ரப்பர் கிளாண்டோடு (கேபிளை இறுக்கி நீர் புகாமல் அடைப்பது), கேபிள் ஒரு வளையம் கீழே தொங்கி மேலே ஏற வேண்டும், அப்போதுதான் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். மே மாத வெயிலில் மூடிய பெட்டி கொதிக்கும். வெள்ளை அடித்து, விரலகலம் இடைவெளி விட்டு மேலே ஒரு தகடு வையுங்கள். பவர் பேங்க்கை அதற்குள் வைக்கவே வைக்காதீர்கள். லித்தியம் பேட்டரி, சூடு, பக்கத்தில் பிள்ளைகள்.

---

தேவனாம்பட்டினம்_கோலி

துளைத் திட்டத்தைக் கைவிட்டோம். இரண்டு சந்தேகம். மேல் பாரிலிருந்து கீழே பார்க்கிற மாதிரி ஒரே கேமரா வைத்தால் செலவு குறையாதா? இறுதி ஆட்டம் இரவில், எல்இடி விளக்கில், அதற்கு ஏதாவது மாற்ற வேண்டுமா?

---

ஷட்டர்வேகம்

மேல் பார் கேமரா தரையில் உருளும் பந்துக்கு நன்றாகவே வேலை செய்யும். பாரின் நடுமையத்தில் வைத்து 5.7 செ.மீ. விலகினாலும், தரையில் கிடக்கும் பந்துக்குப் பிழை 3 மி.மீ.க்குள். ஆனால் 1.2 மீட்டர் உயரத்தில் பறக்கும் பந்துக்கு அதுவே 2.8 செ.மீ. ஆகிவிடும். 120 பாகை லென்ஸ் தரையில் முழுக் கோட்டையும் பிடிக்கும், அந்த 1.2 மீட்டர் உயரத்தில் நடு 4.3 மீட்டரை மட்டும்தான் பார்க்கும். மேல் மூலைகள் குருடு. பாரில் பந்து பட்டால் போஸ்ட்டைவிட அதிகம் ஆடும். மூன்றாவது கேமராவாக வைக்கலாம், ஒரே கேமராவாக வேண்டாம்.

இரவு: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்இடி விநாடிக்கு 100 முறை மின்னும். 120 ஃப்ரேமில் சில படம் வெளிச்சம், சில படம் இருட்டு என்று வரும். பந்து தாண்டும் அந்த ஒரு ஃப்ரேமே இருட்டாகப் போகலாம். விளக்கு வாடகைக்குக் கொடுப்பவரிடம் மின்னாத டிரைவர் (எல்இடிக்கு மின்சாரம் தரும் சுற்று) உள்ளதா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஒரு கோலைப் பார்க்கும் விளக்குகளை மூன்று ஃபேஸிலும் பிரித்து இணைக்கச் சொல்லுங்கள், ஒன்று மங்கும்போது மற்றொன்று எரியும்.

---

விசில்_உப்பளம்

விதியைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் படத்தைப் பார்த்து நடுவர் தீர்ப்பை மாற்ற முடியாது. கோல் கோட்டுத் தொழில்நுட்பத்தை 2012-ல் விதியில் அனுமதித்தார்கள். 2010 உலகக் கோப்பையில் ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் லாம்பார்ட் அடித்து, பாரில் பட்டுக் கோட்டுக்குள் விழுந்த பந்து மறுக்கப்பட்டதுதான் பேச்சைத் திருப்பியது. 2014 பிரேசிலில் 14 கேமரா, கோலுக்கு 7. ஒரு விநாடிக்குள் நடுவரின் கைக்கடிகாரத்துக்குச் செய்தி போக வேண்டும், சோதித்துச் சான்று பெற்றிருக்க வேண்டும். கோல் சட்டத்தில் மாற்றம் செய்யலாம் என்ற சலுகையும் அந்தச் சான்று பெற்ற முறைக்கு மட்டும்தான்.

ஆகவே போட்டி விதிகளில் எழுதுங்கள்: தீர்ப்பு நடுவருடையதே, படம் ஆட்டத்துக்குப் பின் நடுவர்களும் பயிற்சியாளர்களும் பார்ப்பதற்கு. கீப்பர் எந்த அடியில் கோட்டுக்குப் பின்னால் போகிறார் என்பதைப் படமாகக் காட்டினால் அந்தப் பிள்ளைக்கு அது பெரிய உதவி.

"வெளியே தெரியாதபடி" என்று எழுதியிருக்கிறீர்கள், அதை விட்டுவிடுங்கள். உங்கள் ஒரு பிரிவின் ஆட்டக்காரர்கள் 18 வயதுக்குக் கீழ். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவர்களைக் குழந்தைகளாகவே கருதி, பெற்றோர் ஒப்புதலை வேண்டுகிறது. பதிவுப் படிவத்திலேயே ஒரு வரி சேர்த்துப் பெற்றோர் கையெழுத்து வாங்குங்கள். போஸ்ட்டில் கேமரா இருக்கிறது என்று வாசலில் தமிழில் பலகை வையுங்கள். 60 செ.மீ. உயரத்தில், தரையோடு பார்க்கும் லென்ஸ் இது. விழுந்து எழும் பிள்ளைகளின் படம் யார் போனுக்கும் போகக் கூடாது. பதிவு ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும், போட்டி முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

---

நூல்மட்டம்

கடைசியாக ஒரு சோதனை, ஒவ்வொரு நாள் காலையிலும், முதல் ஆட்டத்துக்கு முன். இரண்டு போஸ்ட்டின் பின்விளிம்பையும் தொட்டு நூல் கட்டுங்கள். கோட்டின் நெடுக ஐந்து இடத்தில் பந்தை வைத்து, ஒவ்வொரு இடத்திலும் இரண்டு படம் எடுங்கள்: நூலிலிருந்து 1 செ.மீ. உள்ளே முழுதாகப் போன பந்து, நூலின் மேல் 1 செ.மீ. எட்டிப்பார்க்கும் பந்து. அளவுக்கு 1 செ.மீ. பிளைவுட் துண்டு போதும். பத்துப் படத்தையும் மைதானத்தில் நிற்காத ஒருவரிடம் காட்டி கோலா இல்லையா என்று கேளுங்கள். ஒன்று தவறினாலும் அன்றைக்கு அந்த கேமராவை நம்ப வேண்டாம், பட்டையைத் தளர்த்தி நூலிலிருந்து மறுபடி தொடங்குங்கள். அதே கையோடு ஜன்னலை நல்ல தண்ணீர் தொட்ட மெல்லிய துணியால் துடையுங்கள். காய்ந்த துணியால் துடைத்தால் உப்புத் துகள் பாலிகார்பனேட்டைக் கீறி, மூன்றாம் நாளே படம் பனிமூட்டம் போல் ஆகிவிடும்.