குடும்பக் காருக்குப் பெரிய பிரேக் தேவையா?

ஈசூன்வாசி: என்னுடையது டொயோட்டா விஷ், 15 அங்குல ரிம். போன மாதம் அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு கெந்திங் மலையிலிருந்து இறங்கும்போது பிரேக் வாடை அடித்தது, பெடல் மெத்தென்று உள்ளே போனது. பயந்துவிட்டேன். நான்கு பிஸ்டன் காலிப்பரும் (டிஸ்க்கைப் பிடித்து அழுத்தும் பாகம்) 330 மி.மீ. பிரேக் டிஸ்க்கும் போடலாமா?

மெக்கானிக் மாமா: தம்பி, அவசரப்படாதீங்க. 330 டிஸ்க் 15 ரிம்முக்குள் அடங்காது; குறைந்தது 17 அங்குல ரிம்மாவது வேண்டும். பிஸ்டன் பரப்பு மாஸ்டர் சிலிண்டருக்கு (பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் பாகம்) பொருந்தாமல் பெரிதாக இருந்தால் பெடல் இன்னும் ஆழமாகப் போகும், முன், பின் பிரேக்குகளின் சமநிலையும் கெடும். பெடல் மெத்தென்று போனது பெரும்பாலும் பழைய பிரேக் ஆயில் கொதித்ததால்தான். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறினால் அந்த அளவு 155 வரை இறங்கலாம். கடைசியாக எப்போது மாற்றினீங்க?

ஈசூன்வாசி: வாங்கி நான்கு வருஷம், மாற்றியதே இல்லை அண்ணே.

மெக்கானிக் மாமா: அதான். பிரேக் ஆயில், நல்ல பிரேக் பேட், டயர், இவற்றை முதலில் பாருங்க. டிஸ்க் தடிமனையும் அளக்கச் சொல்லுங்க.

தெம்பனிஸ் அக்கா: இறக்கத்தில் கியரைக் குறைத்து இறங்குங்கள். ஏழு பேர் ஏறினால் நான் அப்படித்தான் வருகிறேன், பிரேக் சூடேறுவதில்லை.

ஈசூன்வாசி: சரி, சனிக்கிழமை ஆயில் மாற்றுகிறேன். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.